தாராவியின் பர்ச்சேஸ் ஆர்டரும் மாட்டுங்காவின் சட்டப் பாடமும்

மாட்டுங்கா ரோடு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், ரூபாரெல் கல்லூரி வளாகத்தில் நியூ லா காலேஜ் இருக்கிறது. அங்கிருந்து தாராவி நடந்து போகிற தூரம்தான். செம்பூரில் விவேகானந்த் எஜுகேஷன் சொசைட்டியின் சட்டக் கல்லூரியும் செம்பூர் கர்நாடக் சட்டக் கல்லூரியும் உள்ளன. 1855-இல் தொடங்கிய அரசு சட்டக் கல்லூரிக்குப் போக சர்ச்கேட் வரை ரயில் ஏற வேண்டும், அவ்வளவுதான். தாராவியிலோ சயானிலோ வளர்ந்த தமிழ்ப் பிள்ளைக்குச் சட்டப் படிப்பு எட்டாத உயரத்தில் இல்லை. சட்டம் படிப்பவர்களிடையே இன்று மவுசு கூடியிருக்கும் துறைகளில் ஒன்று பன்னாட்டு வணிகச் சட்டம். எல்லை கடந்த ஒப்பந்தங்கள், நடுவர் மன்றங்கள், சிங்கப்பூர், லண்டன் என்று அதன் பெயரைச் சொன்னாலே ஒரு பெரிய உலகம் கண்முன் விரிகிறது.

அந்தப் பெரிய உலகத்தின் ஒரு முனை தாராவியிலேயே இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த தமிழர்கள் இங்கே தோல் பதனிடும் தொழிலை வளர்த்தார்கள். 1971-இல் மாட்டிறைச்சிக் கூடம் பாந்திராவிலிருந்து தேவ்னாருக்கு மாறியது. பதனிடும் சாலைகளும் காலப்போக்கில் பெரும்பாலும் போய்விட்டன. தோல் பொருள் செய்யும் பட்டறைகள் மட்டும் போகவில்லை. பெல்ட், பர்ஸ், கைப்பை எல்லாம் இன்றும் அந்தச் சிறிய அறைகளில் தயாராகிக் கப்பல் ஏறுகின்றன. ஆகவே இந்தப் படிப்பை எடைபோட நான் எடுத்துக்கொள்ளும் அளவுகோல் அந்தப் பட்டறையின் மேஜைமேல் கிடக்கும் ஒரு பர்ச்சேஸ் ஆர்டர். நம் சட்ட மாணவர் அதை எவ்வளவு தூரம் சரியாகப் படிப்பார்? நடுவர் தீர்ப்பு பற்றிய தேர்வில் அவர் என்ன மதிப்பெண் வாங்கினார் என்பதைவிட இந்தக் கேள்வி முக்கியமானது.

எடுத்துக்காட்டுக்கு ஓர் ஆர்டரை நானே கட்டிக்கொள்கிறேன். அதிலுள்ள நிபந்தனைகள் எல்லாம் இந்த வியாபாரத்தில் அன்றாடம் புழங்குபவை. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரக் கடைக்காரர் ஒருவர் 2,000 தோல் பர்ஸ் கேட்கிறார். விலை எஃப்.ஓ.பி. நவ சேவா துறைமுகம். பணம் 60 நாள் கழித்து. கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில், இந்த ஒப்பந்தம் ஜெர்மன் சட்டத்துக்கு உட்பட்டது என்று ஒரு வரி.

அந்தப் பொடி எழுத்தில் தொடங்குவோம். எல்லை கடந்த சரக்கு விற்பனைக்கென்றே 1980-இல் வியன்னாவில் ஐ.நா. ஓர் உடன்படிக்கை கொண்டுவந்தது. சி.ஐ.எஸ்.ஜி. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். 1988 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது, 90-க்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்துள்ளன. இந்தியா சேரவில்லை. நம் வகுப்பறைகளில் இந்த உடன்படிக்கை பெரும்பாலும் இந்த ஒரு வரியோடு முடிந்துபோகிறது. நாம் சேரவில்லை, எனவே நமக்குப் பொருந்தாது என்று மாணவர் எழுதுகிறார். அந்தப் பதில் தவறு.

உடன்படிக்கையின் முதல் பிரிவிலேயே இரண்டு வாசல்கள் இருக்கின்றன. விற்பவர், வாங்குபவர் இருவருடைய நாடுகளும் சேர்ந்திருந்தால் அது நேராகப் பொருந்தும். அப்படி இல்லாவிட்டாலும், எந்த நாட்டுச் சட்டம் பொருந்தும் என்ற விதிகள் ஓர் உறுப்பு நாட்டின் சட்டத்தைக் காட்டினால் அப்போதும் பொருந்தும். ஜெர்மனி உறுப்பு நாடு. ஜெர்மன் சட்டம் என்று ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்ட உடனேயே, வெளிப்படையாக விலக்கி எழுதாதவரை, தாராவிக்காரர் வியன்னா உடன்படிக்கைக்குள் வந்துவிடுகிறார். டெல்லி கையெழுத்துப் போடவில்லை என்பது அவரைக் காப்பாற்றாது.

இதனால் கையில் என்ன மாறுகிறது? உடன்படிக்கையின் 39-ஆவது பிரிவுப்படி, வாங்கியவர் குறையைக் கண்டதும், அல்லது கண்டிருக்க வேண்டிய நேரத்திலிருந்து, நியாயமான காலத்துக்குள் தெரிவிக்க வேண்டும். அதற்கு வெளி எல்லை, சரக்கு கைக்கு வந்ததிலிருந்து இரண்டு ஆண்டு. பர்ஸின் தையல் ஒன்றரை ஆண்டு கழித்துப் பிரிந்தால்கூடப் புகாருக்குக் கதவு முழுதாக மூடியிருக்காது. அதே ஆர்டரில் ஜெர்மன் சட்டம் பொருந்தும், வியன்னா உடன்படிக்கை பொருந்தாது என்று எழுதியிருந்தால் ஜெர்மன் வணிகச் சட்டத் தொகுப்பின் 377-ஆவது பிரிவு வரும். வணிகர்களுக்குள் நடக்கும் விற்பனையில் வாங்கியவர் சரக்கைத் தாமதமில்லாமல் பரிசோதித்துத் தாமதமில்லாமல் சொல்லியாக வேண்டும், மறைந்திருந்த குறை என்றால் தெரியவந்த உடனே சொல்ல வேண்டும், தவறினால் சரக்கை ஏற்றுக்கொண்டதாகிவிடும் என்பது அதன் கண்டிப்பு. அந்த விலக்கு வரியைப் பார்த்து, நம்மை ஏதோ பாதுகாப்பிலிருந்து வெளியே தள்ளுகிறார்கள் என்று விற்பவர் பயப்படக்கூடும். குறை தெரிவிக்கும் விஷயத்திலாவது அது அவருக்குச் சாதகமான வரி.

இன்னும் ஒரு படி போகலாம். சட்டம் எது என்றே ஆர்டரில் எழுதவில்லை, வழக்கு ஜெர்மன் நீதிமன்றத்துக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஐரோப்பிய ஒன்றியத்தின் ரோம் ஒன்று எனப்படும் ஒழுங்குமுறைப்படி, சரக்கு விற்பனைக்கு விற்பவர் இருக்கும் நாட்டின் சட்டமே பொருந்தும். அதாவது இந்தியச் சட்டம். இந்தியா உறுப்பு நாடல்ல என்பதால் வியன்னா உடன்படிக்கை அந்த வழியில் உள்ளே வராது. நமது 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தை ஹாம்பர்க் நீதிபதி கையில் எடுக்க வேண்டிவரும். ஆக, ஒன்றும் எழுதாமல் விட்டதே விற்பவருக்குத் தன் சொந்தச் சட்டத்தைக் கொடுத்திருக்கும். வந்த ஆர்டரில் கண்ணை மூடிக் கையெழுத்துப் போட்டபோது அதை அவர் இழந்தார். இதைச் சொல்லித்தராத பன்னாட்டு ஒப்பந்தப் பாடம் எதைச் சொல்லித்தருகிறது என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

எஃப்.ஓ.பி. என்ற மூன்று எழுத்திலும் ஒரு பள்ளம் இருக்கிறது. பாரிஸில் உள்ள பன்னாட்டு வர்த்தக சபை 1936 முதல் வெளியிட்டுவரும் இன்கோடெர்ம்ஸ் விதிகளின் 2020 பதிப்புப்படி, எஃப்.ஓ.பி.யில் சரக்கு கப்பலில் ஏறும்வரை நட்டம் விற்பவருடையது. கன்டெய்னரில் போகும் சரக்கோ கப்பல் ஏறுவதற்குப் பல நாள் முன்பே அவர் கையைவிட்டுப் போய்விடுகிறது. இடையில் யார்டில் நனைந்தாலும் காணாமல் போனாலும் அவர் தலையில்தான் விடியும். கன்டெய்னர் சரக்குக்கு, கொண்டுசெல்பவரிடம் ஒப்படைத்ததுமே நட்டம் கைமாறும் எஃப்.சி.ஏ. போடுங்கள் என்று வர்த்தக சபையே சொல்கிறது. பழக்கம் மாறாததால் எஃப்.ஓ.பி. நவ சேவா என்றே எல்லோரும் எழுதுகிறார்கள். பணம் வரும் வழி பற்றியும் சுருக்கமாகச் சொல்லலாம். எல்.சி. எனும் வங்கிக் கடன் உறுதிக் கடிதம் கிடைத்தால் யு.சி.பி. 600 விதிகள் பொருந்தும். வங்கி பார்ப்பது காகிதத்தை, சரக்கை அல்ல. இன்வாய்ஸில் ஒரு விவரம் எல்.சி.யோடு ஒத்துப்போகாவிட்டால், பர்ஸ் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் வங்கி பணத்தை நிறுத்திவிடலாம். காகிதங்களைச் சோதிக்க வங்கிக்கு ஐந்து வேலை நாள், காகிதங்களைக் கொண்டுபோய்க் கொடுக்க விற்பவருக்குக் கப்பல் ஏறியதிலிருந்து 21 நாள். நம் எடுத்துக்காட்டில் எல்.சி.யே இல்லை, 60 நாள் கடன். அப்படியானால் இ.சி.ஜி.சி.யின் ஏற்றுமதிக் கடன் காப்பீடு எடுத்திருக்கிறாரா என்பதுதான் வக்கீல் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

இந்த இடத்தில் வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. தாராவிப் பட்டறைக்காரர்களில் பலர் ஹாம்பர்க்கோடு நேரே பேசுவதே இல்லை. நடுவில் ஒரு மெர்ச்சன்ட் ஏற்றுமதியாளர் இருக்கிறார். வெளிநாட்டு ஒப்பந்தம் அவருடையது, பட்டறைக்கு அவர் கொடுப்பது உள்ளூர் ஆர்டர். அப்படியிருக்க, பன்னாட்டுச் சட்டத்தைத் தாராவியை வைத்து அளப்பது நியாயமா?

நியாயம்தான் என்பேன், நடுவில் இருப்பவர் வழியாகச் சுமை கீழே இறங்குவதால். "அண்ணே, பார்ட்டி இன்னும் பேமெண்ட் போடல, வந்ததும் உங்களுக்குத்தான்" என்ற பேச்சைக் கேட்காத பட்டறை இருக்காது. எல்லை கடந்த ஒப்பந்தத்தின் 60 நாள், தையல்காரருக்குக் கொடுக்க வேண்டிய வாரக் கூலிவரை வந்துவிடுகிறது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம் இந்தப் பேச்சை ஏற்பதில்லை. 15-ஆவது பிரிவுப்படி, இருவரும் எழுத்தில் ஒப்புக்கொண்டிருந்தாலும் பணம் கொடுக்கும் கெடு 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு, மாதாந்தரக் கூட்டு வட்டியாக. சரக்கு வந்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபிக்காவிட்டால் அதை ஏற்றுக்கொண்டதாகவே கணக்கு. 2023 நிதிச் சட்டம் இன்னொரு முடிச்சும் போட்டது: குறு, சிறு தொழிலுக்கு உரிய நாளில் பணம் கொடுக்காதவர், கொடுக்கும் ஆண்டுவரை அந்தத் தொகையை வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது.

இரண்டு கடிகாரங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஹாம்பர்க் கடைக்காரர் குறை சொல்ல இரண்டு ஆண்டுவரைகூட இடம் இருக்கலாம். மெர்ச்சன்ட் ஏற்றுமதியாளர் பட்டறையிடம் ஆட்சேபம் எழுப்ப 15 நாள்தான், அதற்குப்பின் பணத்தை நிறுத்திவைக்க அவருக்கு வழியில்லை. நட்டஈடு கேட்டுத் தனியாக வழக்குப் போடலாம், பணம் கொடுத்த பிறகு. ஹாம்பர்க்கில் 60 நாள் கடன் கொடுத்துவிட்டு இங்கே 45 நாளில் பட்டுவாடா செய்ய வேண்டிய இடைவெளியும் அவருடையதே. எல்லைக்கு அப்பாலுள்ள ஒப்பந்தத்தையும் இப்பாலுள்ள ஒப்பந்தத்தையும் ஒன்றாக வைத்து எழுதத் தெரிந்த வக்கீல் ஒருவர் இருந்தால் இந்த நெருக்கடியைப் பாதியாகக் குறைக்கலாம். கப்பல் ஏறுமுன் பட்டறையிலேயே கூட்டுப் பரிசோதனை, அதன் கையெழுத்துப் பிரதி, வெளிநாட்டு ஆர்டரில் குறை சொல்ல 30 நாள் என்ற வரம்பு: இப்படி நாலு வரி போதும். இந்த இரண்டு சட்டங்களையும் ஒரே மேஜையில் வைத்து எந்தத் தாள் கற்பிக்கிறது? உள்ளூர்ச் சட்டம் ஒரு பருவத்தில், பன்னாட்டுச் சட்டம் இன்னொரு பருவத்தில், அதுவும் தெரிவுப் பாடமாக.

பாடத்திட்டத்தின் கட்டமைப்பே இதற்குக் காரணம். பார் கவுன்சில் 2008-இல் வகுத்த சட்டக் கல்வி விதிகளில் ஒப்பந்தச் சட்டம் கட்டாயப் பாடம். பன்னாட்டு வர்த்தகச் சட்டம் தெரிவுக் குழுக்களில் ஒன்று. எழுதிப் பழகும் பயிற்சித் தாளும் கட்டாயம்தான். அந்தத் தாளில் மாணவர் எழுதிப் பழகுவது விற்பனைப் பத்திரம், அடமானப் பத்திரம், குத்தகை, தானப் பத்திரம், உயில், அதிகார ஆவணம். நிலம் வாங்கி விற்கும் சமுதாயத்துக்கு உருவான பட்டியல் அது. சரக்கு செய்து ஏற்றுமதி செய்யும் நகரத்தில், ஒரு பர்ச்சேஸ் ஆர்டரைக்கூடத் திருத்தி எழுதாமல் ஒருவர் வக்கீலாகிவிட முடிகிறது.

இருக்கும் பாடத்துக்காகவும் பேசியாக வேண்டும். அதன் நடுநாயகம் நடுவர் தீர்ப்புச் சட்டம். 2002-இல் பாட்டியா இன்டர்நேஷனல் வழக்கில் திறந்துவிட்ட கதவை 2012 செப்டம்பர் 6 அன்று பால்கோ வழக்கில் அரசியல் சாசன அமர்வு மூடியது. வெளிநாட்டில் இருக்கை கொண்ட நடுவர் தீர்ப்பில் இந்திய நீதிமன்றங்கள் தலையிடும் வழி அதன் பிறகு குறுகியது. 2021-இல் பாசல் விண்ட் வழக்கில், இரண்டு இந்திய நிறுவனங்களே சூரிச்சை இருக்கையாக வைத்துக்கொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. இவை வெறும் மனப்பாடச் சரக்கு அல்ல. 1958 நியூயார்க் உடன்படிக்கையின் பலத்தில் ஒரு நடுவர் தீர்ப்பு எல்லை தாண்டிச் செல்லும். நீதிமன்றத் தீர்ப்புக்கு அந்த வசதி எல்லா நேரமும் கிடைப்பதில்லை. துபாய் நீதிமன்றத்தின் தீர்ப்பை 2020 ஜனவரி முதல் மும்பையில் நேராக நிறைவேற்றலாம், ஏனென்றால் ஐக்கிய அரபு அமீரகத்தை உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 44ஏ பிரிவின் கீழ் இந்தியா அறிவித்துவிட்டது. ஜெர்மன் தீர்ப்புக்கு அந்த வழி இல்லை. இந்த வேறுபாடு தெரியாமல் எந்த வக்கீலும் ஏற்றுமதியாளருக்கு ஆலோசனை சொல்ல முடியாது. அந்த அளவில் நமது ஆசிரியர்கள் சொல்லித்தருவது தேவையானது, பெரும்பாலும் நன்றாகவே சொல்லித்தருகிறார்கள்.

குறை எடையில் இருக்கிறது. 2,000 பர்ஸுக்கான ஆர்டரில் லண்டனில் மூன்று நடுவர்கள் என்று எழுதினால் அது உரிமையே இல்லை, நடுவர் கட்டணமே பில் தொகையைத் தின்றுவிடும். அதே நடுவர் சட்டத்தில் 2015 திருத்தம் சேர்த்த 29பி பிரிவு இருக்கிறது: இருவரும் எழுத்தில் ஒப்புக்கொண்டால் ஒரே நடுவர், காகிதங்களை வைத்து, ஆறு மாதத்துக்குள் தீர்ப்பு. சிறு ஏற்றுமதியாளருக்கு அந்தச் சட்டத்தில் உள்ள மிகப் பயனுள்ள பிரிவு இதுதான் என்று நான் நினைக்கிறேன். மும்பையை இருக்கையாக வைத்து இதை ஆர்டரில் எழுதுவது எப்படி என்பது ஒரு மணி நேரப் பாடம். பால்கோவுக்குக் கொடுக்கும் நேரத்தில் பத்தில் ஒரு பங்கு போதும்.

வெளிநாட்டு எல்.எல்.எம். பற்றிய என் கருத்தும் இதை ஒட்டியதே. பெரிய சட்ட நிறுவனத்தில் சேர விரும்புபவருக்கு அது உதவும், மறுக்கவில்லை. பல லட்சம் கடன் வாங்கி லண்டனுக்குப் போகும் செம்பூர்க் குடும்பத்துப் பிள்ளை ஒன்றை அறிந்து போக வேண்டும்: இங்கிலாந்தும் வியன்னா உடன்படிக்கையில் சேராத நாடுதான். ஆங்கிலச் சட்டத்தில் தேர்ச்சி வரும். தாராவி ஆர்டரில் பெரும்பாலும் எதிர்ப்படும் ஐரோப்பிய வாங்குபவரின் சட்டம் தானாக வந்துவிடாது.

தாராவியின் மிகப் பெரிய எல்லை கடந்த வணிக வழக்கு தோல் பற்றியதல்ல, தாராவியையே பற்றியது. 2018-இல் அறிவித்த மறுசீரமைப்பு டெண்டரில், அமீரகத்தைத் தளமாகக் கொண்ட செக்லிங்க் நிறுவனம் 7,200 கோடி ரூபாய் குறிப்பிட்டு முதலிடம் பெற்றது. அதானி குழுமம் குறிப்பிட்டது 4,539 கோடி. ரயில்வே நிலம் சேர்வதால் நிலைமை மாறிவிட்டது என்று சொல்லி 2020-இல் அரசு அந்த டெண்டரை ரத்து செய்தது. 2022-இல் புதிய டெண்டர் 5,069 கோடிக்கு அதானிக்குப் போனது. செக்லிங்க் தொடுத்த மனுவைப் பம்பாய் உயர் நீதிமன்றம் 2024 டிசம்பர் 20 அன்று தள்ளுபடி செய்தது. 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் வேலையை நிறுத்த மறுத்து, பணம் அனைத்தும் ஒரே எஸ்க்ரோ கணக்கு வழியாகப் போக வேண்டும் என்று மட்டும் சொன்னது.

நடுவர் தீர்ப்பை மட்டும் படித்தவருக்கு இந்த வழக்கில் பிடிமானமே கிடைக்காது. அதிக விலை குறிப்பிட்டதாலேயே யாருக்கும் உரிமை பிறந்துவிடாது என்பது டெண்டர் சட்டத்தில் பழைய நிலைப்பாடு. கையெழுத்தான ஒப்பந்தம் இல்லாத இடத்தில் நடுவர் ஷரத்தும் இல்லை, எஞ்சியது ரிட் மனு ஒன்றுதான். ஆயிரக்கணக்கான கோடி வெளிநாட்டுப் பணம் சம்பந்தப்பட்ட விவகாரத்தில் ஒப்பந்தம் எப்போது பிறக்கிறது என்ற முதல் பருவக் கேள்வியே எல்லாவற்றையும் முடிவுசெய்கிறது.

பட்டறைக்காரருக்கு இதிலிருந்து இன்னும் நேரடியான பாடம் இருக்கிறது. மறுசீரமைப்பு நடக்கும்போது பட்டறை இடம் மாறும், உற்பத்தி சில வாரம் நிற்கும். அப்போது கட்டுக்கடங்காத சூழ்நிலை என்று ஹாம்பர்க்குக்கு எழுதித் தப்பிக்க முடியுமா? வியன்னா உடன்படிக்கையின் 79-ஆவது பிரிவு, ஒப்பந்தம் போட்ட வேளையில் எதிர்பார்த்திருக்க முடியாத தடைக்குத்தான் விலக்கு தருகிறது. தாராவி இடியப்போகிறது என்பது உலகம் முழுக்கத் தெரிந்த செய்தி. எனவே இன்று ஆர்டரில் கையெழுத்துப் போடும் ஒவ்வொருவரும் இடமாற்றத்தைப் பெயர் சொல்லி எழுதி, அதற்கான கூடுதல் நாட்களை முன்கூட்டியே வாங்கிவிட வேண்டும். இதைச் சொல்ல அவர்களுக்குப் பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா?

என் தீர்ப்பு இது. பன்னாட்டு வணிகச் சட்டம் படிக்கத் தகுந்தது. தாராவி, மாட்டுங்கா, செம்பூர்ப் பிள்ளைகளுக்கு மற்ற ஊர்க்காரர்களைவிட அதிகமாகவே தகுந்தது, ஏனென்றால் சரக்கு அவர்கள் தெருவில் இருக்கிறது. இன்றைய வடிவில் அந்தப் பாடம் தோற்றுப்போகிறது. தகராறு வந்த பின் நடப்பதை விரிவாகவும், தகராறு வராமல் தடுக்கும் காகிதத்தை மேலோட்டமாகவும் கற்பிக்கிறது. வியன்னா உடன்படிக்கையில் இந்தியா சேர வேண்டும் என்பதே என் நிலை. சேர்ந்துவிட்டாலும், படிக்கத் தெரிந்த வக்கீல் இல்லாத இடத்தில் சிறு விற்பனையாளருக்கு அது ஒன்றும் செய்துவிடாது.

திருத்துவதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. சட்டக் கல்லூரிகள் இலவச சட்ட உதவி மையம் நடத்த வேண்டும் என்று பார் கவுன்சில் விதிகளே சொல்கின்றன. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் உள்ள கல்லூரிகள் அந்த மையத்தை மாதம் ஒரு நாள் தாராவிக்குக் கொண்டுபோகட்டும். எழுத்துப் பயிற்சித் தாளில் தானப் பத்திரத்தோடு ஒரு ஏற்றுமதி ஆர்டரும் இடம்பெறட்டும். மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் தெருவில் ஏற்றுமதிக்குச் சரக்கு கொடுக்கும் ஒருவரிடம் போய், அவருடைய கடைசி ஆர்டரைக் கேட்டு வாங்கி, பொடி எழுத்தை அவருக்குத் தமிழில் படித்துச் சொல்லுங்கள். குறு, சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு எண் இருக்கிறதா என்றும் கேளுங்கள். அது இல்லாமல் அந்த 45 நாள் பாதுகாப்பைக் கோருவது கடினம்.